சீந்தில் தண்டின் பாலிசாக்கரைடு: விளைச்சலை எதைக் கொண்டு அளப்பது?

மூலிகைகளிலிருந்து பாலிசாக்கரைடுகளை, அதாவது பல சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, பிரித்தெடுக்க உகந்த நிலைமைகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வெப்பநிலை, நேரம், நீருக்கும் பொடிக்கும் உள்ள விகிதம் ஆகிய மூன்றையே மாற்றிப் பார்க்கிறார்கள். மூன்றும் முக்கியமானவைதான். ஆனால் அவற்றை மாற்றும்போது கூடியது, குறைந்தது என்று நாம் குறித்துக்கொள்ளும் விளைச்சல் என்ற எண் எந்தப் பொருளின் அளவு என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகப் புள்ளியியல் திட்டம் வகுத்தாலும் அது வேறொரு பொருளுக்கான உகந்த நிலையைத்தான் கண்டுபிடித்துக் கொடுக்கும். சீந்தில் தண்டைக் கொண்டு நான் செய்த வேலையின் இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த முடிவைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

சீந்திலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இந்தச் சிக்கல் அதில் மறைக்க முடியாத அளவுக்கு வெளிப்படையாக இருப்பதுதான். அதன் தண்டிலிருந்து அராபினோஸ், காலக்டோஸ் ஆகிய சர்க்கரைகளாலான அராபினோகாலக்டன் ஒன்று பிரிக்கப்பட்டு, ஜி1-4ஏ என்ற பெயரில் நோயெதிர்ப்பு ஆய்வுகளில் பயன்பட்டிருக்கிறது. அதே தண்டிலிருந்து, குளுக்கோஸ் அலகுகளாலான, ஆல்ஃபா-1,4 பிணைப்புள்ள குளுக்கான் ஒன்றும் ஆர்ஆர்1 என்ற பெயரில் விவரிக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் அளவில் விஞ்சி நிற்பது சாதாரண மாவுச்சத்து. சித்த மருத்துவத்தில் சீந்தில் சர்க்கரை என வழங்கும் வெள்ளைப் பொடி, தண்டை இடித்து நீரில் கரைத்துத் தெளியவைத்து எடுக்கப்படுவது. அதன் பெரும்பகுதி இந்த மாவுச்சத்துதான். ஆகவே கொதிநீரில் தண்டுப் பொடியை வேகவைத்து, எத்தனால் ஊற்றி வீழ்படிவாக்கி, எடை போட்டு, இத்தனை சதவீதம் பாலிசாக்கரைடு கிடைத்தது என்று எழுதுகிறவர் பெரும்பாலும் மாவுச்சத்தையே எடை போட்டிருக்கிறார். மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான் என்பதால் அவர் எழுதியது பொய்யாகாது. ஆனால் அவர் தேடியது அதுவாக இருந்திருக்காது.

எனக்கு வேண்டியது மாவுச்சத்து அல்லாத பகுதி, குறிப்பாக அராபினோகாலக்டன். கீழே வரும் எல்லா முடிவுகளும் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. ஆல்ஃபா-குளுக்கான் வேண்டியவருக்கு இவற்றில் பாதிக்கு மேல் பொருந்தாது.

பொடி

முற்றிய தண்டின் மெல்லியதாக உரியும் மேற்பட்டையை நீக்கி, வில்லைகளாக நறுக்கி, 50 பாகைக்கு மேற்படாமல் காற்றுலர்ப்பானில் உலர்த்தினேன். மாவுச்சத்து மணிகள் ஈரத்தோடு சேர்ந்து 60 பாகைக்கு மேல் சூடானால் அங்கேயே வீங்கி, கஞ்சியாகிப் பின் இறுகிவிடும். அப்படி இறுகிய வில்லையை அரைத்தால் கிடைக்கும் பொடி நீரை உள்ளே விடுவதில்லை. உலர்ந்த தண்டு நாரும் மாவுமாகப் பிரிந்து அரைபடுவது இன்னொரு தொல்லை. 40-க்கும் 60-க்கும் இடைப்பட்ட சல்லடையில், அதாவது 420 முதல் 250 மைக்ரோமீட்டர் அளவில், சலித்து எடுக்க வேண்டும் என்று பல செய்முறைகள் கூறுகின்றன. ஆனால் சல்லடையில் தங்கும் நாரை எறிந்துவிட்டுக் கீழே விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் மாதிரியின் இயைபே மாறிவிடுகிறது. மாவுச்சத்து கீழே மிகுந்துவிடுகிறது, நாரோடு ஒட்டிய செல்சுவர்ப் பகுதி மேலே தங்கிவிடுகிறது. அதனால் தங்கியதைத் திரும்பத் திரும்ப அரைத்து, முழுவதும் 420 மைக்ரோமீட்டர் சல்லடையைத் தாண்டும்வரை விடாமல், பிறகு மொத்தத்தையும் ஒன்றாகக் கலந்து வைத்துக்கொண்டேன். பின்னால் வரும் சோதனைத் திட்டத்தின் எல்லா ஓட்டங்களுக்கும், அதாவது தனித்தனிச் சோதனைகளுக்கும், இந்த ஒரே கலவையிலிருந்துதான் பொடி எடுக்கப்பட்டது. 105 பாகையில் எடை நிலைப்படும்வரை உலர்த்தி அதன் ஈரப்பதத்தைக் கண்டு, எல்லாக் கணக்கையும் உலர் எடைக்கே மாற்றினேன்.

நீரில் இறக்குவதற்கு முன் 80 சதவீத எத்தனாலில் மீள்கொதிப்பில் (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவிட்டு) இருமுறை கழுவுவது தவிர்க்கக் கூடாத படி. தனிச் சர்க்கரைகள், கசப்புப் பொருள்கள், பெர்பெரின் போன்ற மஞ்சள் நிற அல்கலாய்டுகள், பினாலிக் சேர்மங்கள் ஆகியவை இதில் வெளியேறிவிடுகின்றன. பாலிசாக்கரைடுகள் அந்தச் செறிவுள்ள எத்தனாலில் கரையாமல் சக்கையிலேயே நிற்கின்றன. முதல் கழுவலின் வடிநீர் அடர்மஞ்சளாக வரும், இரண்டாவது வெளிறும். இந்தப் படியை விட்டுவிட்டால் தனிச் சர்க்கரைகளும் பின்னால் வரும் நிறச் சோதனையில் பாலிசாக்கரைடாகவே எண்ணப்பட்டுவிடும். கழுவிய பொடியிலுள்ள எத்தனால் முழுவதும் ஆவியாகும்வரை புகைபோக்கிப் பெட்டிக்குள் பரப்பி வைக்க வேண்டும். அதைச் சுடரருகே கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

நீரில் இறக்குதல்

வெளிப்பார்வைக்கு மிக எளிய இந்தப் படியில்தான் எண்களைக் கெடுக்கும் சிறு விஷயங்கள் அதிகம். நீர்த்தொட்டியின் காட்டி 75 என்று சொல்லும்போது குடுவைக்குள் இருக்கும் குழம்பு அதற்குச் சில பாகை கீழேதான் இருக்கும். பொடி மிகுந்து குழம்பு கெட்டியாக இருந்தால் இடைவெளி இன்னும் கூடும். எனவே வெப்பமானி குழம்புக்குள்ளேயே இருந்தது. அது குறித்த வெப்பநிலையைத் தொட்ட பிறகே நேரக் கணக்கு தொடங்கியது. நீரையும் தனியாக அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து பொடியின் மேல் ஊற்றினால் காத்திருக்கும் நேரம் குறைகிறது. குடுவையை மூடாமல் விட்டால் மூன்று மணி நேரத்தில் ஆவியாகும் நீர், விகிதம் என்ற காரணியையே பொய்யாக்கிவிடும். ஆகவே தொடக்கத்திலும் முடிவிலும் குடுவையை எடை போட்டு, குறைந்ததைச் சூடான நீரால் ஈடு செய்தேன்.

நீர்–பொடி விகிதத்தின் விளைவு என்று ஆய்வுகளில் காட்டப்படுவதில் கணிசமான பகுதி உண்மையில் கழுவலின் விளைவு என்பது என் எண்ணம். உலர்ந்த பொடி நீரை உறிஞ்சி வீங்குகிறது. வடித்தபின் சக்கைக்குள் தங்கும் நீரில் அதே செறிவில் பாலிசாக்கரைடு கரைந்தே இருக்கிறது. 10 கிராம் பொடி 40 மில்லிலிட்டர் சாற்றைப் பிடித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 100 மில்லிலிட்டர் நீரில் இறக்கியிருந்தால் கரைந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு சக்கையோடு போய்விடுகிறது. 300 மில்லிலிட்டரில் இறக்கியிருந்தால் இழப்பு ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. கரைந்த அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும், வடித்த சாற்றை மட்டும் அளக்கிறவருக்கு விகிதம் கூடியதால் விளைச்சல் பெருகியதாகத் தோன்றும். இதைத் தனியே பிரித்துப் பார்க்க, ஒவ்வொரு ஓட்டத்திலும் சக்கையைச் சிறிதளவு சூடான நீரால் ஒருமுறை கழுவி, அந்தக் கழுவலையும் சாற்றோடு சேர்த்தேன். அப்படிச் சேர்த்தவுடன் விகிதத்தின் தாக்கம் பெருமளவு தணிந்துவிட்டது. நீர் கூடக்கூட ஆவியாக்க வேண்டியதும் கூடும், ஊற்ற வேண்டிய எத்தனாலும் கூடும் என்பதால், இது வெறும் கணக்கு நுணுக்கமன்று; செலவிலும் உழைப்பிலும் நேராகத் தெரிவது.

வடிப்பதை இரு கட்டமாகச் செய்தேன். முதலில் மெல்லிய பருத்தித் துணியில் வடித்துப் பிழிந்து நாரை நீக்குதல். பிறகு மையவிலக்கில் சுழற்றுதல். 45 பாகையில் இறக்கிய சாற்றைச் சுழற்றியதும் குழாயின் அடியில் வெண்மையான, விரலால் அழுத்தினால் கறகறவென்று உரசும் ஓர் இறுகிய படிவு வந்தது. மேலே இருந்த சாறு தெளிந்து இலேசாகப் பழுப்பேறியிருந்தது. 75 பாகையில் இறக்கிய சாற்றில் அந்தப் படிவு ஏறத்தாழ இல்லை. சாறு மங்கலாக, வழவழப்பாக இருந்தது, மையவிலக்கில் நெடுநேரம் சுழற்றியும் தெளியவில்லை. மாவுச்சத்து மணிகள் குளிர்ந்த பக்கத்தில் கரையாமல் அடியில் அமர்ந்தன. வெந்த பக்கத்தில் உடைந்து சாற்றுக்குள் போய்விட்டன. வெப்பநிலையைக் கூட்டும்போது உயரும் விளைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த இரு குழாய்களும் புள்ளியியல் இல்லாமலேயே காட்டிவிட்டன.

மாவுச்சத்தை நீக்குதல்

உறுதி செய்ய அயோடின் போதும். ஒரு துளிச் சாற்றை ஆறவைத்த பிறகு அயோடின்–பொட்டாசியம் அயோடைடு கரைசலை விட வேண்டும். சூடாக இருக்கும்போது விட்டால் நீலம் தோன்றாது, ஆறியபின் அதே கரைசல் நீலமாகும். வெந்த சாறு கருநீலமானது. குளிர்பக்கச் சாற்றிலும் மெல்லிய ஊதா தெரிந்தது, ஏனெனில் அரைக்கும்போதே உடைந்த மணிகளிலிருந்து கொஞ்சம் கரைந்துதான் வரும். ஆக, வெப்பநிலையைக் குறைப்பதால் மட்டும் மாவுச்சத்தை முற்றாக விலக்க முடியாது, நொதியும் தேவைப்படுகிறது.

நொதிப் படியைச் சாறு வடிந்த பிறகே வைத்துக்கொண்டேன். வெப்பம் தாங்கும் ஆல்ஃபா-அமைலேஸ் நொதியை, அமிலக்காரத்தன்மை (pH) 6 அளவில் உள்ள சாற்றில் சேர்த்து 90 பாகையில் சிறிது நேரம் வைத்தல். பிறகு 60 பாகைக்கு ஆற்றி, அமிலக்காரத்தன்மையை 4.5-க்குக் கொண்டுவந்து அமைலோகுளுக்கோசிடேஸ் சேர்த்தல். அமைலேஸ் மட்டும் போதாதா என்று கேட்கலாம். அமைலேஸ் மாவுச்சத்தைத் துண்டாக்கும். ஆனால் கிளைப் பிணைப்புகளைச் சுற்றி எஞ்சும் டெக்ஸ்ட்ரின் துண்டுகளில் பெரியவை எத்தனாலில் வீழ்படிந்து மீண்டும் கணக்கில் ஏறிவிடும். இரண்டாவது நொதி அவற்றைக் குளுக்கோஸாகவே முடித்துவிடுவதால், அந்தக் குளுக்கோஸ் எத்தனாலிலும், சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையிலும் தடையின்றி வெளியேறுகிறது. அயோடின் சோதனையில் அதன் மஞ்சள் மட்டும் எஞ்சும்வரை இந்தப் படி தொடர வேண்டும். அராபினோஸ் பக்கக் கிளைகள் ஃபியூரனோஸ் என்ற ஐந்தணு வளைய வடிவில் இணைந்திருப்பதால் அமிலத்தில் எளிதில் அறுபடக்கூடியவை, அதனால் 4.5-க்குக் கீழே இறங்க விடாமலும், வேலை முடிந்தவுடன் நடுநிலைக்குத் திருப்பியும் வைத்தேன்.

இங்கே இரு எச்சரிக்கைகள். வணிக நொதித் தயாரிப்புகள் புரதம் மட்டுமல்ல. நிலைப்படுத்துவதற்காகச் சர்க்கரையோ கிளிசராலோ சேர்க்கப்பட்டவையாக இருக்கலாம். தண்ணீரில் அதே அளவு நொதியை விட்டு, எல்லாப் படிகளையும் கடத்தி வந்த வெற்றுச் சோதனை இல்லாமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது. இரண்டாவது, மேலே சொன்ன ஆல்ஃபா-1,4 குளுக்கானும் இந்த நொதிகளுக்கு இரையாகும் என்றே எதிர்பார்க்க வேண்டும். செயல்திறன் அதில்தான் இருக்கிறது என்று கருதுகிறவர் நொதியை விட்டுவிட்டு, அளவால் பிரிக்கும் வடிப்புக்குப் போவதுதான் வழி.

எத்தனாலும் உலர்த்தலும்

சாற்றைச் சுழல் ஆவியாக்கியில் குறைந்த அழுத்தத்தில், நீர்த்தொட்டி 50 பாகையில் இருக்க, நான்கில் ஒரு பங்காகச் சுண்டவைத்தேன். நுரை எழும்; வெற்றிடத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் அடங்கும்.

நான்கு மடங்கு எத்தனால் சேர்த்து இறுதிச் செறிவு 80 சதவீதமாக்கப்பட்டது என்ற வாக்கியம் செய்முறைப் பகுதிகளில் அடிக்கடி வருகிறது. நீரில்லா எத்தனாலுக்கு மட்டுமே அது சரி. 95 சதவீத எத்தனாலை நான்கு மடங்கு ஊற்றினால் 500 பங்கில் 380 பங்குதான் எத்தனால், அதாவது 76 சதவீதம். மூன்று மடங்கு ஊற்றினால் 71 சதவீதத்தைச் சற்றே தாண்டும். 95 சதவீத எத்தனாலைக் கொண்டு உண்மையாகவே 80 சதவீதத்தை எட்ட வேண்டுமானால் ஐந்து மடங்குக்கும் மேல் தேவை. கலக்கும்போது கனஅளவு சற்றுச் சுருங்குவதை இந்தக் கணக்கு பொருட்படுத்தவில்லை, ஆனால் அதனால் பெரிய மாற்றம் இல்லை. பெரிய மூலக்கூறுகள் குறைந்த எத்தனால் செறிவிலேயே வீழ்ந்துவிடும், சிறியவற்றுக்குக் கூடுதல் செறிவு வேண்டும் என்பதால், இந்தச் சில சதவீத வேறுபாடு யாரை உள்ளே விடுகிறோம், யாரை வெளியே தள்ளுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. நான் 75 சதவீதத்தில் நின்றேன். எத்தனால் மடங்கை ஒரு காரணியாக மாற்றாமல் எல்லா ஓட்டங்களிலும் நிலையாக வைத்தேன்.

குளிர்ந்த எத்தனாலைக் கலக்கிக்கொண்டே மெல்ல ஊற்ற வேண்டும். முதலில் பால்போல் மங்கி, பிறகு இழைகளாகத் திரண்டு கலக்குக் கோலில் சுற்றிக்கொள்ளும். ஒரேயடியாகக் கொட்டினால் திரண்ட கட்டிக்குள் நிறமும் உப்பும் சிறைப்பட்டுவிடுகின்றன. அமிலத்தன்மை கொண்ட பாலிசாக்கரைடு மிகுந்து, உப்பு குறைந்த கரைசலில் வீழ்படிவு சேராமல் மங்கலாகவே நிற்பதுண்டு. சிறிது சோடியம் குளோரைடு சேர்த்தால் அது திரளும். 4 பாகையில் ஓர் இரவு வைத்து, சுழற்றி எடுத்து, நீரில்லா எத்தனாலாலும் பிறகு அசிட்டோனாலும் கழுவினேன். ஈரம் இப்படிப் படிப்படியாக வெளியேறினால் உதிரும் வெள்ளைப் பொடி கிடைக்கும். நீரோடு அப்படியே அடுப்பில் உலர்த்தினால் கண்ணாடித் தட்டில் ஒட்டிய பழுப்பு நிறக் கொம்புத் தகடுதான் மிஞ்சும். அதை மீண்டும் கரைப்பதற்குள் பொறுமை போய்விடும். உறைநிலை உலர்த்தி இருந்தால், டயாலிசிஸ் முடித்த கரைசலை நேரே அதில் வைப்பது இதைவிட நல்லது.

அளவீடு

சர்க்கரையின் அளவை நிறத்தால் காட்டும் பினால்–கந்தக அமில முறை 1956-இல் வெளிவந்தது. இன்றும் இதற்கு மாற்றில்லாத அளவுக்கு எளியது. 1 மில்லிலிட்டர் மாதிரி, 1 மில்லிலிட்டர் 5 சதவீத பினால், 5 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலம். அமிலத்தைக் குழாயின் சுவர் வழியே அல்லாமல் நேராக நீர்மப் பரப்பின் மேல் விரைவாக விட வேண்டும், ஏனெனில் கலக்கும்போது பிறக்கும் வெப்பமே வினையை நடத்துகிறது. ஒவ்வொரு குழாயிலும் விடும் வேகம் மாறினால் நிறமும் மாறும். ஆறு கார்பன் சர்க்கரைகளுக்கு 490 நானோமீட்டரிலும், ஐந்து கார்பன் சர்க்கரைகளுக்கும் யூரோனிக் அமிலங்களுக்கும் 480-இலும் உறிஞ்சல் உச்சம் இருக்கும். பாலிமரில் உள்ள ஒவ்வொரு சர்க்கரை அலகும் ஒரு நீர் மூலக்கூறை இழந்திருப்பதால், குளுக்கோஸோ காலக்டோஸோ செந்தரமாக (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளாக) கொண்டு கிடைத்த எடையை 0.9-ஆல் பெருக்க வேண்டும். 180-க்குப் பதில் 162 என்பதே அந்தக் காரணி.

இந்த முறைக்குச் சர்க்கரை எது என்று தெரியாது. வடிதாளிலிருந்து உதிர்ந்த ஓர் இழை செல்லுலோஸ் குழாயில் விழுந்தாலும் அது அதையும் விசுவாசமாக எண்ணிக் காட்டும். மும்முறை அளந்ததில் ஒன்று மட்டும் துள்ளி நின்றபோதெல்லாம் பெரும்பாலும் காரணம் இழைதான். குழாய்களைத் தாளால் துடைப்பதை நிறுத்தி, மூடிவைத்து உலரவிட்டதும் அந்தத் துள்ளல் அடங்கியது. நிறமேறிய சாறுகளுக்குப் பினாலுக்குப் பதில் நீர் விட்டு, அமிலம் மட்டும் சேர்த்த தனி வெற்றுக் குழாய் ஒவ்வொரு மாதிரிக்கும் வேண்டும், ஏனெனில் தாவரச் சாறு அமிலத்தில் தானாகவே கருகி நிறம் காட்டும்.

அராபினோகாலக்டனைக் குளுக்கோஸ் செந்தரத்தால் அளப்பது முழுச் சரியன்று. வெவ்வேறு சர்க்கரைகள் இந்த வினையில் வெவ்வேறு அழுத்தத்தில் நிறம் தருகின்றன. நான் காலக்டோஸைச் செந்தரமாக எடுத்துக்கொண்டேன். ஓட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அது போதும். அறுதி அளவாக வெளியில் சொல்வதற்கு, நீராற்பகுத்து, ஆல்டிடால் அசிட்டேட்டுகளாக்கி, வாயு நிறப்பிரிகையில் ஒவ்வொரு சர்க்கரையையும் தனித்தனியே எண்ண வேண்டும். யூரோனிக் அமிலத்தை மெட்டா-ஹைட்ராக்சி டைஃபீனைல் முறையிலும், புரதத்தைப் பிராட்ஃபோர்டு முறையில் 595 நானோமீட்டரிலும், கனிமத்தை 550 பாகையில் சாம்பலாக்கியும் கண்டேன்.

எடையை மட்டும் நம்புவதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். 100 கிராம் பொடியிலிருந்து 12 கிராம் வீழ்படிவு வந்தது என்போம். அதில் 10 சதவீதம் ஈரம், 15 சதவீதம் சாம்பல், 10 சதவீதம் புரதம் என்றால் மீதி 7.8 கிராம். அதில் பாதி மாவுச்சத்தானால், தேடிய பொருள் 3.9 கிராம். 12 என்பதும் 3.9 என்பதும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால் எதை அளந்தாலும் உகந்த புள்ளி ஒன்றாகவே இருக்கும். ஆனால் அவை அப்படி ஏறி இறங்குவதில்லை. வெப்பநிலை கூடும்போது ஒன்று ஏறிக்கொண்டே போகிறது, மற்றொன்று ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

திட்டமும் பரப்பும்

ஒரு நேரத்தில் ஒரு காரணியை மாற்றும் பழைய வழியை எல்லைகளை வகுப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். காரணிகளுக்கிடையே உள்ள இடைவினையை அது காட்டாது. நீண்ட நேரம் குறைந்த வெப்பநிலையில் நன்மையாகவும் உயர்ந்த வெப்பநிலையில் தீமையாகவும் அமையும்போது, ஒற்றைக் காரணிச் சோதனை ஏதாவது ஒரு பாதியை மட்டுமே காணும். முதன்மைத் திட்டமாக 1960-இல் பாக்ஸும் பென்கனும் முன்வைத்த அமைப்பையே எடுத்தேன். மூன்று காரணிகளுக்கு 12 விளிம்புப் புள்ளிகளும், பலமுறை திரும்பச் செய்யப்படும் ஒரு மையப் புள்ளியும் இதில் உண்டு; மூன்று காரணிகளும் ஒருங்கே உச்சத்தில் இருக்கும் மூலைப் புள்ளிகள் இல்லை. வெப்பம், நேரம், நீர் மூன்றையும் ஒன்றாக எல்லைக்குத் தள்ளும் மூலைகள் இந்த வேலையில் தேவையற்றவை என்பதால் இது வசதி. வெப்பநிலைக்கு 45, 60, 75 பாகை. நேரத்துக்கு 1, 2, 3 மணி. விகிதத்துக்குக் கிராமுக்கு 15, 25, 35 மில்லிலிட்டர்.

மையப் புள்ளியை ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்து முடித்துவிடுவது பலருக்கு வழக்கம். அப்படிச் செய்தால் அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். அதிலிருந்து பெறப்படும் பிழை அளவு சிறியதாகி, சமன்பாடு தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் பொருத்தமின்மைச் சோதனை வேண்டாத இடத்தில் அபாய மணி அடிக்கும். ஓட்டங்களின் வரிசையைக் குலுக்கி, மையப் புள்ளிகளை அவற்றின் நடுவே சிதறவிட்டால்தான் நாளுக்கு நாள் மாறும் பிழையும் கணக்கில் வரும். பத்துக் கெழுக்கள் கொண்ட இருபடிச் சமன்பாட்டை ஆர் மொழியின் ஆர்எஸ்எம் தொகுப்பில் பொருத்தினேன். சமன்பாடு தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் குறிக்கும் ஆர்-வர்க்கம் 0.99 என்று பெருமையாகக் காட்டப்படுவதற்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. இவ்வளவு குறைந்த ஓட்டங்களுக்குப் பத்துக் கெழுக்கள் இருக்கும்போது அது உயர்ந்துதான் நிற்கும். ஒவ்வொரு புள்ளியையும் விலக்கிவிட்டு மற்றவற்றால் அதை ஊகிக்கும் முன்கணிப்பு ஆர்-வர்க்கமே கவனிக்கத் தக்கது.

ஒரே ஓட்டங்களுக்கு இரண்டு விளைவுகளைப் பொருத்திப் பார்த்தேன். வீழ்படிவின் மொத்த எடை காரணிகளோடு எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும்படி வரைந்த பரப்பு, 75 பாகையும் 3 மணியும் சேரும் மூலையை நோக்கி ஏறிக்கொண்டே போனது. உச்சி என்று ஒன்று அதில் இல்லை. எல்லையை 95 பாகைக்கு நீட்டியிருந்தால் அங்கேயும் ஏறியிருக்கும். உகந்த நிலை ஆய்வு செய்த எல்லையின் விளிம்பிலேயே கிடைத்ததாகச் சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போது இந்தப் பரப்புதான் நினைவுக்கு வருகிறது. மாவுச்சத்து நீங்கிய சர்க்கரையை வைத்து வரைந்த பரப்போ 60 பாகையைத் தாண்டியதும் தட்டையாகி, நேரம் நீளும் பக்கத்தில் மெல்லச் சரிந்தது. வெப்பநிலையும் நேரமும் சேரும் இடைவினைக் கெழு எதிர்க்குறியோடு வந்தது, அதாவது வெப்பத்தைக் கூட்டினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். விகிதம், கழுவலைச் சேர்த்த பிறகு, மூன்றில் மிகப் பலவீனமான காரணியாக நின்றது.

சரிவுக்குக் காரணம் சங்கிலி அறுபடுதலாக இருக்கலாம் என்பதைப் பார்க்க, ஊபலோட் பாகுமானியில் 25 பாகையில் ஒவ்வொரு மாதிரியின் உள்ளார்ந்த பாகுத்தன்மையையும் கண்டேன்; சங்கிலி குட்டையானால் அது குறையும். உயர்ந்த வெப்பமும் நீண்ட நேரமும் சேர்ந்த மாதிரிகளில் அது தெளிவாகக் குறைந்திருந்தது. சர்க்கரை அளவையும் பாகுத்தன்மையையும் 1980-இல் டெரிஞ்சரும் சூயிச்சும் வகுத்த, பல விளைவுகளை ஒரே மதிப்பெண்ணாக்கும் விருப்புச் சார்பால் இணைத்தபோது, உகந்த பகுதி 60 பாகைக்குச் சற்று மேலே, 2 மணியை ஒட்டி, ஒரு சிறு மேடாக அமைந்தது. மென்பொருள் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு தந்த வெப்பநிலையை எந்த நீர்த்தொட்டியும் பிடித்து வைக்காது. மேடு தட்டையாக இருப்பதால் பிடிக்கத் தேவையும் இல்லை. 62 பாகை, 2 மணி, கிராமுக்கு 20 மில்லிலிட்டர் என்று முழு எண்களில் நிறுத்திக்கொண்டேன். விகிதத்தை வேண்டுமென்றே சமன்பாடு சொன்னதைவிடக் குறைவாக எடுத்தேன். கழுவல் அந்த இழப்பை ஈடு செய்கிறது, எத்தனாலும் மிச்சமாகிறது.

மீயொலியையும் ஒதுக்கிவிடவில்லை. 62 பாகையில் இறக்குவதற்கு முன் மீயொலித் தொட்டியில் சில நிமிடங்கள் வைத்தபோது முதல் அரை மணியின் கரைவு விரைவானது. ஆனால் இரண்டு மணியின் முடிவில் கிடைத்த மொத்த அளவில் வேறுபாடு பிழை எல்லைக்குள்ளேயே இருந்தது. நெடுநேரம் வைத்தவற்றில் பாகுத்தன்மை இறங்கியது, நுண்துகள்கள் பெருகி வடிப்பதும் கடினமானது. குமிழிகள் நொறுங்கும்போது செல்சுவரை உடைக்கும் அதே விசை சங்கிலியையும் நறுக்குகிறது. நேரம் மிகவும் அருமையாக இருப்பவருக்கு அது உதவும், எனக்குத் தேவைப்படவில்லை.

புரத நீக்கம் பற்றிச் சுருக்கமாக. குளோரோபார்மும் பியூட்டனாலும் 4:1 விகிதத்தில் சேர்த்துக் குலுக்கும் செவாக் முறையில், இரு அடுக்குகளுக்கும் நடுவே வெண்படலம் தோன்றுவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பாலிசாக்கரைடிலும் கொஞ்சம் படலத்தோடு போகும். அராபினோகாலக்டன்கள் பல தாவரங்களில் புரதத்தோடு சகப்பிணைப்பில் இணைந்தே இருப்பவை என்பதால், அந்தப் புரதத்தை எவ்வளவு குலுக்கினாலும் நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. அத்தகைய அராபினோகாலக்டன்–புரதங்களோடு பிணையும் சாயமான பீட்டா-குளுக்கோசைல் யாரிவ் வினைபொருளோடு செந்நிற வீழ்படிவு வந்ததால் இங்கும் அத்தகைய பகுதி இருக்கிறது என்று கொண்டேன். உகந்த நிலை தேடும் கட்டத்தில் செவாக் முறையை முழுவதுமாக விட்டுவிட்டேன். புரதத்தின் அளவைக் குறித்துக்கொள்வதோடு சரி. 3,500 டால்டன் மூலக்கூறு எடை எல்லை கொண்ட பையில் 48 மணி நேர டயாலிசிஸ், நீரை அடிக்கடி மாற்றி, கடைசிப் பொருளுக்கு மட்டும்.

தேர்ந்த நிலைமையில் திரும்பச் செய்த உறுதிப்பாட்டு ஓட்டங்கள் சமன்பாட்டின் முன்கணிப்பு இடைவெளிக்குள் விழுந்தன. நம்பிக்கை இடைவெளியோடு ஒப்பிடக் கூடாது. அது சராசரிக்கான எல்லை, தனி ஓட்டத்துக்கு அதைவிட அகன்ற எல்லை வேண்டும். வேறொரு பருவத்தில் வெட்டிய தண்டு வரும்போது மாவுச்சத்தின் அளவு மாறியிருக்கும். அப்போது முழுத் திட்டத்தையும் மீண்டும் ஓட்டுவதில்லை: மையப் புள்ளியை மட்டும் சில முறை செய்து, நொதிக்குப் பின் அயோடின் மஞ்சளாக நிற்கிறதா என்று பார்த்து, மாவுச்சத்து நீங்கிய சர்க்கரையின் அளவு பழைய மையப் புள்ளிகளின் பரவலுக்குள் இருந்தால் அதே நிலைமைகளில் தொடர்கிறேன், இல்லையென்றால் முதலில் கூட்டுவது நொதியின் அளவை, பிறகுதான் வெப்பநிலையைத் தொடுகிறேன்.